வெளிச்சவீட்டு மக்டலீன்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கடல் பக்கமாய் இறங்குகிற, ஒடுங்கின ஒரு குச்சொழுங்கை. அதன் முடக்கில், கல்லடுக்கிக் குகை மாதிரிக் கட்டின சின்ன மாதா கெபி ஒன்று இருக்கிறது. உள்ளே நீலக் கச்சை கட்டின லூர்து மாதா, மாதாவின் தலைக்கு மேலே ஒரு பல்ப். அந்தப் பல்ப்புக்கு வருகிற வயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது மதிலேறி, முருங்கையைச் சுற்றி, மக்டலீன் வீட்டுக் குசினி யன்னலுக்குள்ளால் நுழையும். அதனால்தான் அந்த வீட்டுக்கு வெளிச்சவீடு என்று பெயர். கடலில் போகிறவர்களுக்குக் கரை காட்டுகிற வெளிச்சவீடு வேறு. இது ஒழுங்கைச் சனம் பகிடிக்கு வைத்தது. பகிடிக்கு வைத்தாலும் மக்டலீனுக்கு அது பட்டம் மாதிரி.

பட்டம் என்று சொல்ல அவவிடம் வேறு ஒன்றும் இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய் படுக்கையில் விழ, தம்பிமாருக்குச் சோறு வடிக்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு கனிசியசைக் கட்டி, அவர் கொண்டுவருகிற நண்டையும் மீனையும் தரம் பிரித்து, மகள் ஜெசிதாவை வளர்த்து, நாள் போயிற்று. யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாமல் இருந்த சண்டைக் காலத்தில், ஜாம் போத்திலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்தி சாய முந்தி மாதாவின் காலடியில் கொண்டுபோய் வைத்தது மக்டலீன்தான். அப்போது அவ குமர்ப்பிள்ளை. கரண்ட் திரும்பி வந்தபோது, புதுமாப்பிள்ளையாய் இருந்த கனிசியஸ் ஏணி வைத்து ஏறி வயரை இழுத்துக் கொடுத்தார்.

அந்த ஒழுங்கையில் ஒரு வழக்கம் உண்டு. கெபிக்கு வெளிச்சம் கொடுக்கிற வீட்டுப் பெண்தான் சுவிச்சைப் போட்டுவிட்டு வந்து, செபமாலையின் முதல் பத்து மணியைச் சொல்லித் தொடங்கவேண்டும். யார் வைத்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. படித்த ரீச்சர்மார், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள், எல்லாரும் முழங்காலில் நிற்பார்கள். நாலாம் வகுப்பு மக்டலீன் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று எடுப்பா. அவர்கள் பின்னால் சொல்லுவார்கள். அந்த நேரத்தில் மக்டலீனின் கழுத்து தன்பாட்டில் கொஞ்சம் நிமிரும். அது பெருமையா பக்தியா என்று அவவும் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்படி இருந்த இடத்தில்தான் கரண்ட் விலை ஏறத் தொடங்கியது. ஏறினது என்றால் படிப்படியாய் அல்ல, அலை அடித்த மாதிரி. நடுவில் ஒருமுறை குறைத்தார்கள். குறைத்தார்கள் என்று மூச்சு விட முந்தித் திரும்பவும் ஏற்றினார்கள். மீற்றர் பார்க்கிற பெடியன் வந்து, கையில் இருக்கிற சின்ன மெசினில் பில்லை அடித்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்க்காமலே அடுத்த வீட்டுக்குப் போவான்.

"அம்மா, உங்களுக்குத் தொண்ணூறு யூனிற் தாண்டித்தான் கணக்குப் பிழைக்கிது," என்று ஜெசிதா விளங்கப்படுத்தினாள். "தொண்ணூறுக்குக் கீழை நிண்டால் ஒரு விலை. தாண்டினால் வேறை விலை. கெபி பல்ப்பும் சோடனை லைற்றும்தான் எங்களை அங்காலை தள்ளுது."

"கெபியிலை கை வையாதை," என்றா மக்டலீன்.

"அப்ப பிறீசரை விடுங்கோ."

பிறீசரையும் விடமுடியாது. அந்தப் பெரிய பெட்டியில் ஐஸ் கட்டி வைத்து, சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிறவர்களுக்கும், பெட்டி சுமந்து விற்கிற பெண்களுக்கும் கொடுத்துத்தான் வீட்டில் பாதிச் சிலவு ஓடுகிறது. கனிசியசுக்கு நாரி நோ, இடுப்பு முந்தின மாதிரி வளையாது. கிழமையில் பாதிநாள்தான் அவர் நண்டு வலைக்குப் போவார்.

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த கையோடு, எதிர்வீட்டு றெஜினா வீட்டுக் கூரையில் சோலார் ஏறியது.

றெஜினா மக்டலீனின் வயதுக்காரி. சின்ன வயதில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இவ நாலாம் வகுப்பில் நிற்க, அவ ஓயெல் சோதினை வரைக்கும் போனா. புருசன் காலமாகி நாலைந்து வருசம். ஒரே மகன் ஜெறோம் ரவுணில் ஒரு கொம்பனியில் வேலை, வீட்டுக்கு வர இரவாகும். அவன்தான் வங்கியில் கடன் எடுத்துச் சோலார் பூட்டினான். தகடுகளைக் கயிறு கட்டி ஏற்றுகிற அன்று ஒழுங்கைச் சனம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மக்டலீன் மட்டும் வெளியே வரவில்லை. குசினி யன்னலால் பார்த்தா.

பின்னேரம் பூட்ட வந்த ஆட்கள் தேத்தண்ணி குடிக்கப் போக, அவர்களில் ஒருவன் மக்டலீன் வீட்டு மதிலோரம் நிழலுக்கு ஒதுங்கினான். சோனகதெரு முஸ்லிம் பெடியன், பெயர் இன்ஸாப். மக்டலீன் ஒரு செம்பில் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா. தாகத்துக்குத் தண்ணி கொடுப்பது புண்ணியம்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் செம்புக்குள் வேறு எண்ணமும் கிடந்தது.

"தம்பி, நான் ஒண்டு கேக்கட்டோ? பகலிலை வெயில் இருக்கு, சரி. இரவிலை உந்தத் தகடு எப்பிடி எரியும்? நிலாவிலையோ?"

இன்ஸாப் சிரித்தான். "இல்லையம்மா. பகலிலை இவை பாவிச்சு மிஞ்சிற கரண்ட் வெளி லைனுக்குப் போகும். இரவிலை அந்த லைனிலை இருந்து எடுப்பினம். குடுத்ததையும் எடுத்ததையும் மீற்றர் கழிச்சுப் பாக்கும்."

"அப்ப வெயிலை நகை போலக் கொண்டுபோய் அடைவு வைச்சு, இரவிலை மீக்கிற மாதிரி."

"ஓம், நல்லாச் சொன்னியள்!"

"கரண்ட் நிண்டால்?"

"நிண்டால் இதுவும் நிக்கும். லைன்மன் கம்பத்திலை ஏறி நிக்கேக்கை எங்கடை கரண்ட் அவருக்கு அடிக்கக்கூடாதே. அதுக்காக அது தானாய் ஓஃப் ஆகிடும். பற்றறி வைச்சால்தான் எரியும். இவை பற்றறி வைக்கேல்லை."

மக்டலீனுக்கு அதைக் கேட்கக் கோடை வெயிலில் நுங்கு குடித்த மாதிரி இருந்தது. "அப்ப அவவுக்கும் இருட்டுத்தான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனா. இந்த விசயத்தை அவ ஒருவருக்கும் சொல்லவில்லை. மடியில் முடிந்து வைத்த சில்லறை மாதிரி வைத்திருந்தா.

ஆனால் கரண்ட் நிற்கிற நாளா தினமும் வருகிறது? மற்ற நாளெல்லாம் றெஜினா வீட்டுக் கூரை மினுங்கிக்கொண்டு நின்றது. காலமை ஒன்பது மணிக்கு வெயில் ஏற, அந்த வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெசின் சுற்றத் தொடங்கும். சுற்றுகிற சத்தம் மக்டலீனின் நெஞ்சுக்குள் கேட்கும். றெஜினாவுக்குச் சோறு வேகிறதும் கரண்டில், தண்ணி கொதிக்கிறதும் கரண்டில். ஒழுங்கையால் போகிற ஆட்களைக் கூப்பிட்டு, "வெயில் சும்மாதானே எறிக்குது, போனைக் கொண்டந்து சார்ஜிலை போட்டிட்டுப் போங்கோவன்," என்பா. பாசமாய்த்தான் சொன்னா. மக்டலீனுக்கு அது பச்சைமிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது. ஒழுங்கைப் பிள்ளைகள் றெஜினா வீட்டுக்கு "புது வெளிச்சவீடு" என்று பெயர் வைத்த அன்று அவவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவளுக்கும் எனக்கும் ஒரே வெயில்தானே," என்று கனிசியசிடம் புறுபுறுத்தா. "என்ரை கூரையிலை விழுற வெயில் என்னைச் சுட்டுப்போட்டுப் போகுது. அவளின்ரை கூரையிலை விழுறது அவளுக்குச் சோறு சமைக்குது."

"அதுக்கு வெயில் என்னப்பா செய்யும்?" என்றார் கனிசியஸ், வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டு. "தகடு போட்டவையிட்டைத் தங்குது. போடாதவையிட்டைத் தங்காமல் போகுது."

"நீங்களும் அவளின்ரை பக்கம்."

"நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லை. நான் வலையின்ரை பக்கம்."

ஒருநாள் மத்தியானம் செபம் சொல்லிக்கொண்டிருக்கையில் மக்டலீனின் வாய் தடுக்கியது. "மாதாவே, ஒரு நாலு நாளைக்கு நல்ல முகில் போட்டு மூடிவிடும்," என்று சொல்லிவிட்டா. சொல்லி வாய் மூட முந்தித்தான் அவவுக்கு நினைவு வந்தது. கனிசியஸ் அன்றைக்குத் தொழிலுக்குப் போயிருந்தார். கடற்தொழிலாளியின் பெண்சாதி முகிலைக் கேட்டு மன்றாடுவதா? அவ பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் வாயால் சொல்லாத சொல். உடனே சிலுவை போட்டு, "அதை எடுக்காதேயும் அம்மா, அது என்ரை எரிச்சல் கதைச்சது," என்று மூன்று தரம் சொன்னா. அந்தி சாய முந்தியே கரைக்குப் போய், கனிசியசின் வள்ளம் தெரியும்வரை நின்றா. அவர் இறங்கி வந்து, "என்ன, வராத ஆள் வந்து நிக்கிறாய்?" என்று கேட்டார். மக்டலீன் நண்டுப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தா.

ஒக்ரோபர் நெருங்கியது. அது செபமாலை மாதம். மாதம் முழுக்கப் பின்னேரத்தில் கெபியடியில் செபமாலை. பல்ப்போடு சோடனை லைற்றும் எரியும். பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிறு, மரியாயின் சேனை என்கிற கோயில் சபைக்குத் தலைவியாய் இருக்கிற லூர்த்தம்மா ஒழுங்கைப் பெண்களைக் கெபியடியில் நிற்பாட்டினா. பெரிய மனுசி, நல்ல மனதோடுதான் கதைத்தா.

"மக்டலீன், நீ இவ்வளவு காலம் செய்திட்டாய் பிள்ளை. இப்ப கரண்ட் விக்கிற விலைக்கு உன்னிலை பாரத்தைப் போட எங்களுக்கு மனமில்லை. றெஜினா வீட்டை சோலார் இருக்கு. வயரை அங்காலை மாத்திவிடுவம், என்ன?"

நாலைந்து பேர் "ஓம் ஓம், அதுதான் நல்லது" என்றார்கள். மக்டலீனுக்கு விளங்கியது. வயர் போனால் முதல் பத்து மணியும் போகும். அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் செபத்துக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று வரும்.

"ஆரும் பாரமெண்டு சொன்னதே?" என்றா.

றெஜினா முன்னுக்கு வந்தா. "ஏன் மக்டா, எனக்கு அது சும்மா வாற கரண்ட். மாதாவுக்குச் சும்மா குடுக்கிறன்."

"நான் மட்டும் மாதாவுக்குப் பில் அனுப்பினனானோ?"

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். றெஜினாவின் முகம் கறுத்தது. லூர்த்தம்மா கையை உயர்த்தி, "சரி சரி, இந்த மாசம் மக்டலீன்ரை வீட்டிலையே எரியட்டும். முடியப் பாப்பம்," என்று அமர்த்தினா.

மக்டலீன் வென்றுதான் வீட்டுக்குப் போனா. போனபிறகுதான் வென்றதன் விலை தெரிந்தது. தொண்ணூறைத் தாண்டாமல் கெபிக்கு எரிக்கவேண்டும். ஃபானை நிற்பாட்டினா. ஜெசிதா அயன் பண்ணத் தொடங்க வயரைக் கழற்றினா. வீட்டுக்குள் ஒரே ஒரு லைற். அதுவும் செபமாலை நேரத்தில் இல்லை.

"வெளியிலை வெளிச்சவீடு, உள்ளுக்கை நான் கதிரையிலை கால் அடிபட்டு நொண்டுறன்," என்றார் கனிசியஸ்.

கடைசியில் பிறீசரிலும் கை வைத்தா. பகலில் கொஞ்ச நேரம் நிற்பாட்டிப் போடுவா. ஐஸ் இறுகவில்லை. மீன் விற்கிற ஜெயகௌரி ஒருநாள் காலமை வந்து கட்டியைக் கையில் எடுத்தா. தண்ணி முழங்கையால் வழிந்தது.

"அக்கா, இதென்ன ஐஸோ, பச்சைத்தண்ணிக்குச் சட்டை போட்டு வைச்சிருக்கிறியளோ? நேற்று சண்டிலிப்பாய் போய்ச் சேர முந்திச் சூடை மீன் எல்லாம் கண் சிவந்திட்டுது. சனம் செவுளைத் தூக்கிப் பாத்திட்டு வைச்சிட்டுப் போகுதுகள்."

"நாளைக்குச் சரியா இருக்கும் கௌரி."

"நாளைக்குச் சரியா இருந்தால் நாளைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டு ஜெயகௌரி போனா. அடுத்த நாள் வரவில்லை. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராய் வேறு இடம் பார்த்தார்கள். மக்டலீன் பிறீசர் மூடியில் கையை வைத்துக்கொண்டு யன்னலால் எதிர்க்கூரையைப் பார்த்தா. உவளின்ரை தகட்டிலை இண்டைக்கும் வெயில் வழியுது. உவளுக்கு என்ன குறை, என்று நினைத்தா.

மாதக் கடைசியில் மாரிக் காற்று எழும்பியது. ஒரு பின்னேரம் தூறலுக்குள்ளும் சனம் குடையோடு வந்தது. மக்டலீன் சுவிச்சைப் போட்டுவிட்டு வந்து முன்னுக்கு முழங்காலில் நின்று தொடங்கினா. செபமாலையில் அஞ்சோ ஆறோ மணி உருண்டிருக்கும். "அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, பெண்களுக்குள்..." என்றபோது எல்லாம் அணைந்தது. கெபி அணைந்தது, தெரு அணைந்தது. மக்டலீனின் தலை மாதாவைப் பார்க்கவில்லை. தன்பாட்டில் றெஜினா வீட்டுப் பக்கம் திரும்பியது. அந்த வீடும் மைப்போத்திலுக்குள் விழுந்த மாதிரி.

"பெண்களுக்குள்... அங்கையும் இருட்டு!" என்றா மக்டலீன்.

சொன்னது மட்டுமில்லை. சிரிப்பும் வந்துவிட்டது. இத்தனை நாளாய் அடக்கி வைத்த சிரிப்பு, செபத்துக்கு நடுவில், எல்லாருடைய காதிலும் விழ.

ஒரு குடைக்குக் கீழே ஒரு சின்னப்பிள்ளை களுக்கென்றது. தாய் அதன் வாயைப் பொத்தினா. மக்டலீன் செபத்தை எடுக்கப் பார்த்தா. விரலில் இருந்தது எத்தனையாவது மணி என்று மறந்துபோயிற்று. அப்போது பின்னால் இருந்து, கொஞ்சமும் நடுங்காமல், "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று றெஜினாவின் குரல் எடுத்தது. எல்லாரும் பின்னால் சொன்னார்கள். மக்டலீனும் சொன்னா. இருட்டுக்குள் முதல் பத்து மணியை றெஜினாதான் முடித்தா.

செபம் முடியச் சனம் கலைந்தது. லூர்த்தம்மா மக்டலீனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனா. பாதியில் கொளுத்தி வைத்த மெழுகுதிரிகளைச் சுரண்டி எடுக்க மக்டலீன் நின்றா. திரும்பினால் றெஜினாவும் நிற்கிறா.

"மக்டா."

"ம்."

"ஜெறோம் உதைப் பூட்டின நாள் தொடக்கம் நீ என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்." றெஜினாவின் குரல் உயரவில்லை. "உனக்குப் பின்னேரம் மனுசன் வாறார். கடலாலை வந்து, பசிக்குதப்பா எண்டு சொல்லுறார். எனக்கு வெயில் மட்டுந்தான்ரி வருது. அதையும் உனக்குப் பொறுக்கேல்லையோ?"

மக்டலீன் கையில் இருந்த மெழுகை உருட்டினா. கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்ற பின்னேரமும், தான் வாயால் கேட்ட முகிலும் நினைவு வந்தது. அதை றெஜினாவிடம் சொல்லவேண்டும் போல இருந்தது, முடியவில்லை. மழை பலத்தது.

"நனையாமல் போ," என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் காலமை மழை விட்டிருந்தது. கனிசியஸ் பல் தீட்டிக்கொண்டு வந்து பார்த்தால், மக்டலீன் குசினிக்குள் கதிரையில் ஏறி நின்று கெபி வயரைக் கழற்றுகிறா.

"என்னப்பா, ஷொக் அடிக்கும்! இறங்கு!"

"மெயினை நிப்பாட்டிட்டன். நீங்கள் இந்த நுனியைப் பிடியுங்கோ."

வயரை முருங்கையிலிருந்து அவிழ்த்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தா. றெஜினா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. தும்புத்தடியைப் பிடித்தபடி பார்த்தா.

"இந்தா," என்றா மக்டலீன். "ஜெறோமைக் கொண்டு பூட்டுவி. மதிலடியிலை ஒரு ஒட்டு இருக்கு, மழை பட்டால் ஒழுகும். புது ரேப் சுத்தச் சொல்லு."

"ஏன்ரி, நான் அதுக்குச் சொல்லேல்லையே. மாசம் முடியட்டும் எண்டு லூர்த்தம்மாக்காவும்..."

"என்ரை ஐஸ் இறுகேல்லை, றெஜினா. வாங்கின சனமெல்லாம் வேறை பக்கம் போட்டுது." கொஞ்சம் நின்று, "அதோடை, நேற்று நீ எடுத்த இடத்திலை இருந்து நீதான் சொல்லோணும். நான் விழுத்திப்போட்டன்," என்றா.

றெஜினா வயரை வாங்கினா. "தேத்தண்ணி வைக்கட்டே?"

"கரண்டிலையோ?"

"கரண்டிலைதான்."

"வை," என்றா மக்டலீன். குடித்தா. நல்ல தேத்தண்ணிதான். அது நல்லாய் இருந்ததும் அவவுக்குக் கொஞ்சம் எரிச்சலாய் இருந்தது.

அன்று பின்னேரம் றெஜினா சுவிச்சைப் போட்டுவிட்டு வந்து முன்னுக்கு நின்றா. மக்டலீன் இரண்டாம் வரிசையில், ஜெசிதாவுக்குப் பக்கத்தில். றெஜினா வேகமாய்ச் சொன்னா. மூச்சு விடுகிற இடத்தில் விடவில்லை. "பஸ் பிடிக்கப் போறவள் மாதிரி ஓடுறாள்," என்று மக்டலீன் முணுமுணுக்க, ஜெசிதா முழங்கையால் இடித்தாள். மாதாவின் முகத்தில் பல்ப் பழைய மாதிரியே எரிந்தது. எந்த வீட்டுக் கரண்ட் என்று அந்த முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதைப் பார்க்க மக்டலீனுக்கு ஆறுதலாயும் இருந்தது, நெஞ்சுக்குள் சுருக்கென்றும் இருந்தது.

பிறீசர் இரவு பகலாய் ஓட, ஐஸ் கல்லாய் இறுகியது. ஜெயகௌரி திரும்பி வந்து கட்டியைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் இது ஐஸ்," என்று எடுத்துப்போனா.

சனிக்கிழமை மக்டலீன் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா. எல்லாம் சொன்னா. முகில் கேட்டது, செபத்தில் சிரித்தது, தண்ணிச் செம்போடு போய் வேவு பார்த்தது, ஒன்றும் விடவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கத்தில் பங்குச் சுவாமி இருமின மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"இப்ப அந்தப் பொறாமையை விட்டிட்டீங்களோ அம்மா?"

மக்டலீன் யோசித்தா. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்லக்கூடாது.

"வயரை விட்டிட்டன் சுவாமி. மற்றது இன்னும் கிடக்கு. கொஞ்சம் கொஞ்சமாய் விடுறன்."

சுவாமி பாவத்துக்கு அபராதமாய் றெஜினாவுக்காக ஒரு செபமாலை முழுக்கச் சொல்லச் சொன்னார். மக்டலீன் கோயிலுக்குள்ளேயே, கடைசி வாங்கில் இருந்து சொன்னா. முதல் பத்து மணியை ஆறுதலாய், மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படிச் சொன்னா. மிச்ச நாற்பதையும் றெஜினா சொல்லுகிற வேகத்தில் சொல்லி முடித்துவிட்டு, கனிசியசுக்குச் சோறு போட வீட்டுக்கு நடந்தா.